மஞ்சள் அட்டை எலிகளும் நான் வைத்த சூடமும்

பிள்ளைகளே,

உங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு அப்பாமார் ஆளுக்கு ஒன்று, தாங்கள் பார்த்த வேலையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். செனாய் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் வருகிற அப்பாவும் கொடுத்துவிட்டார். உங்களோடு ஆறாம் ஆண்டில் படிக்கிற என் மகள் கஸ்தூரி மூன்று வாரமாக என்னைச் சும்மா விடவில்லை. "நீங்க மட்டும்தாம்ப்பா பாக்கி. எலிதானே, எழுதுங்க" என்கிறாள்.

எலிதான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி பார்த்தேன். தீனி போட்டேன், தண்ணீர் வைத்தேன், கூண்டு கழுவினேன், எடை போட்டேன். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். பெரிய விஷயங்களை எனக்குத் தெரிந்த அளவில்தான் சொல்ல வரும். தவறாக எழுதியிருந்தால் உங்கள் அறிவியல் ஆசிரியர் திருத்திக் கொடுக்கட்டும்.

முதலில் அந்த அறையைச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு மூன்று ஆண்டு ஆகிறது. இன்னும் கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறேன்.

எலி இருட்டில் விழித்திருக்கும், வெளிச்சத்தில் தூங்கும். நாமோ பகலில் வேலை செய்கிறவர்கள். அதனால் அந்த அறையின் நேரத்தையே திருப்பி வைத்திருந்தார்கள். நாம் வீட்டில் தூங்கும்போது அங்கே விளக்குகள் பளிச்சென்று எரியும். நாம் வேலைக்குப் போகும்போது எல்லாம் அணைந்து ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இருக்கும். சிவப்பு வெளிச்சம் எலிக்கு அவ்வளவாகத் தெரியாது. வெளியே ஜொகூர் வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருக்கும். இரண்டு கதவு தாண்டி உள்ளே போனால், மாலை முடிந்து இரவு தொடங்காத ஒரு நேரம், நாள் முழுவதும் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். வெள்ளை எலிகளெல்லாம் ரோஜாப்பூ நிறத்தில் தெரியும். அத்தனை எலிகளும் மரச்சீவலில் நடக்கிற சத்தம், எங்கோ தூரத்துச் செம்பனைத் தோப்பில் மழை இறங்குவது போல இருக்கும். சில நாள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, வெளியே வந்தால் பகல் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

நான் செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பழக்கினார்கள். எலியை வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, உள்ளங்கையை அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து ஏந்தவேண்டும் என்பதுதான் நான் அங்கே கற்றதில் முக்கியம். மற்றதெல்லாம் செய்யச் செய்ய வந்தது.

அந்தக் கூடத்தின் தலைவி டாக்டர் தவமணி. இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவராம். டாக்டரின் தமிழ் நம்முடைய தமிழ் மாதிரி இருக்காது. ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்தது போல மெதுவாகப் பேசுவார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் கோபத்தில் இருந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடுவார், அவ்வளவுதான்.

முதல் நாள் என் கையை நீட்டச் சொன்னார். ரேகை பார்க்கப் போகிறாரோ என்று நினைத்தேன். குனிந்து மோந்து பார்த்தார். "தேங்காய் எண்ணெய்" என்றார். நான் தலை வாரிவிட்டு வந்த கை அது. எலிக்குக் கண் கொஞ்சம்தான், உலகத்தை அது மூக்கால்தான் பார்க்கிறது என்று விளக்கினார். அன்றிலிருந்து எனக்கு வாசனை சோப்பு இல்லை, பவுடர் இல்லை, எண்ணெய் இல்லை. என் மனைவி செல்வி கல்யாணமான புதிதில் கேட்டாள், மற்ற ஆம்பிளைகள் வேலைக்குப் போகும்போது சென்ட் அடித்துக்கொண்டு போகிறார்கள், நீங்கள் என்ன எலிக்காக இப்படிப் பத்தியம் இருக்கிறீர்கள் என்று.

டாக்டர் ஆராய்ந்தது நஞ்சைப் பற்றி. நஞ்சு நரம்பை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. தோட்டங்களில் பூச்சிக்கும் புல்லுக்கும் மருந்து அடிக்கிறார்கள் அல்லவா? அதிகம் பட்டால் ஆள் விழுந்துவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். தினமும் துளித்துளியாகப் பட்டால் என்ன ஆகும்? அதுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அதற்கு அவர் செய்தது இது. எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். கூண்டில் வெள்ளை அட்டை மாட்டிய கூட்டத்துக்கு மருந்தே கிடையாது. மஞ்சள் அட்டைக்குச் சின்ன அளவு. சிவப்பு அட்டைக்குக் கொஞ்சம் கூட. கூட்டத்துக்கு ஒரு தட்டு என்று கால் வைத்த மூன்று இரும்பு அடுக்குத் தட்டுகளில் கூண்டுகளை அடுக்கினோம். மாதக்கணக்கில் கொடுத்தபின், ஒவ்வோர் எலியையும் ஓர் உருளையில் ஏற்றுவோம். உருளை மெதுவாகச் சுழலும். எலி விழாமல் அதன்மேல் நடந்துகொண்டே இருக்கவேண்டும். நரம்பு நன்றாக இருந்தால் நடக்கும். இல்லாவிட்டால் கால் தடுமாறிக் கீழே மெத்தென்ற பலகையில் விழும். விழுந்த நொடியில் கடிகாரம் நின்றுவிடும். விழுந்த எலியை எடுத்து என் நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். அந்தச் சின்ன இதயம் சட்டைக்கு மேலே படபடவென்று அடிக்கும். அடங்கியதும் கூண்டில் விடுவேன். இதை டாக்டர் சொல்லவில்லை, நானாகச் செய்ததுதான். அவரும் தடுக்கவில்லை.

இனி சூடத்துக்கு வருகிறேன்.

மஞ்சள் அட்டைத் தட்டு மட்டும் கழுவுதொட்டிச் சுவரை ஒட்டி நின்றது. அந்தச் சுவரில் ஒரு விரிசல். அதன் வழியாக எறும்பு வரும். சாதாரணமாகவா வரும்? ஒரு மழை பெய்தால் போதும், கறுப்பு நூல் இழுத்த மாதிரி வரிசை கட்டித் தட்டின் காலில் ஏறும். தீனியில் மொய்க்கும், தூங்குகிற எலியின் வாலைக் கடிக்கும். எறும்பு மருந்து அடிக்கவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. மருந்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இன்னொரு மருந்து கலந்தால் எல்லாம் வீண். எறும்புக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டிகூடக் கூடாது. விரிசலை அடைக்க நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆள் வரவில்லை. தட்டின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். எறும்பு மிதந்தே கடந்தது.

எங்கள் வீட்டில் சீனி டப்பாவைச் சுற்றி எறும்பு வந்தால் அம்மா சூடக்கட்டி வைப்பார். உங்கள் வீட்டிலும் வைப்பார்கள். நானும் ஒரு நாள் வீட்டிலிருந்து சூடம் கொண்டுபோனேன். நான்கு போத்தல் மூடிகளில் இரண்டிரண்டு கட்டி போட்டு, மஞ்சள் அட்டைத் தட்டின் நான்கு காலடியிலும் வைத்தேன். எறும்பு திரும்பிப் போனது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. கட்டி கரையக் கரைய, வாரம் இரண்டு தடவை புதிதாகப் போட்டேன்.

டாக்டரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. சூடம் சாமிக்குக் காட்டுகிற பொருள். எண்ணெயை வாசனை என்று நினைத்துக் கழுவினேன், பவுடரை வாசனை என்று நினைத்து விட்டேன். சூடத்தை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அந்த ஆராய்ச்சியின் முடிவில் சிவப்பு அட்டை எலிகள் சீக்கிரம் விழுந்தன. வெள்ளை அட்டை எலிகள் நன்றாக நடந்தன. மஞ்சள் அட்டை எலிகளும் கிட்டத்தட்ட வெள்ளை மாதிரியே நடந்தன. சின்ன அளவால் நரம்புக்குக் கெடுதல் தெரியவில்லை என்று டாக்டர் கட்டுரை எழுதினார். வெளிநாட்டு ஆய்விதழில் அது வந்தது.

இங்கே மேற்கோள் என்பதைச் சொல்லவேண்டும். கஸ்தூரி வகுப்பில் ஒன்றை அளந்து எழுதிவைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிள்ளை வேறொன்றை எழுதும்போது, இது எனக்கு எப்படித் தெரியும் என்றால் கஸ்தூரி அளந்து சொல்லியிருக்கிறாள் என்று எழுதுகிறது. அது ஒரு மேற்கோள். அப்படி எத்தனை பேர் எழுதினார்கள் என்று கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் ஒரு பக்கம் உண்டு. அவர் எழுதிய கட்டுரைகள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் எண். எண் கூடினால் அவர் சொல்லை உலகம் கேட்கிறது என்று அர்த்தம். பதவி உயர்வுக்கும் அதைப் பார்ப்பார்கள், ஆராய்ச்சிக்கு உதவி கொடுக்கும்போதும் அதைப் பார்ப்பார்கள்.

டாக்டர் இருபது ஆண்டுகளில் எவ்வளவோ எழுதியிருந்தார். பல கட்டுரைகளுக்கு ஒற்றை இலக்கம்தான். இந்த மஞ்சள் அட்டைக் கட்டுரைதான் பறந்தது. மாதா மாதம் எண் ஏறியது. அவர் எந்த ஊருக்குப் பேசப்போனாலும் அதைத்தான் கேட்டார்களாம். அந்தக் கட்டுரையால்தான் எங்களுக்குப் புதுக் கட்டடம் கிடைத்தது. சுவரில் விரிசல் இல்லாத, எறும்பே வராத கட்டடம்.

எனக்கும் பெருமை. செடெனாக்கில் என் அக்கா அஞ்சலை அப்போது தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலையில் இருந்தார். முதுகில் மருந்துத் தொட்டி, கையில் குழாய். அந்த வெயிலில் ரப்பர் கையுறை போட்டால் உள்ளே வேர்த்துப் புண்ணாகிறது என்று குறைப்பட்டுக்கொள்வார். ஒரு தீபாவளிக்கு நான்தான் போய்ச் சொன்னேன், சின்ன அளவு பட்டால் ஒன்றும் ஆகாதாம், எங்கள் டாக்டரே எழுதியிருக்கிறார், உலகமே அதைத்தான் பேசுகிறது என்று. நான் வளர்த்த எலிகள் அல்லவா என்று வேறு சொன்னேன். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டார்.

ஆறு ஆண்டு கழித்து ஐனி என்று ஒரு மலாய்ப் பெண் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தார். உலு திராம் ஊர்ப் பெண். பழைய ஆராய்ச்சியைப் புதுக் கட்டடத்தில் அப்படியே மறுபடி செய்து, அதற்கு மேலே தொடர்ந்து போவது அவருடைய வேலை. அதே மருந்து, அதே அளவு, அதே உருளை. ஆனால் மஞ்சள் அட்டை எலிகள் விழுந்தன.

மறுபடி செய்தார். மறுபடி விழுந்தன. சிவப்பு அட்டை அளவுக்கு இல்லை, ஆனால் வெள்ளையைவிட நிச்சயமாகச் சீக்கிரம். டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மூட ஆரம்பித்தார். எலியைப் பிடிக்கும் முறை சரியில்லையோ, அளவு கலக்கும்போது கை தவறுகிறதோ என்று ஐனியை உட்காரவைத்துக் கேட்டார். மூன்றாம் தடவையும் அப்படியே நடந்தால் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றிக்கொள்ளவேண்டும், செய்ததெல்லாம் போகும். மூன்றாம் தடவை செய்யும்போது ஐனி கூண்டு கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் நின்று மலாயில் கேட்டார்: "அங்கிள், நான் தொட்டா எலிக்குப் பிடிக்கலையா? உங்க கையில மட்டும்தான் நல்லா இருக்குமா?" கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்து முகம் கழுவினார். அழுததை மறைக்கத்தான்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் எலியைப் பிடிப்பது என்னைவிடப் பதமாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தேன். செல்வி விளக்கு ஏற்றிவிட்டு, சாமி மேடையில் பொங்கலைச் சுற்றி எறும்பு வருகிறது என்று மூலைக்கு மூலை சூடக்கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். வெளியே மழை. ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது, ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அந்த வாடை மெல்ல என்னிடம் வந்தது. வந்ததும் எங்கள் வீட்டு முன்னறை சிவப்பாகிவிட்டது போல இருந்தது. பழைய கட்டடம், பழைய தட்டு, அதன் காலடியில் நான்கு போத்தல் மூடிகள். எறும்புகள் திரும்பிப் போகின்றன. மேலே மஞ்சள் அட்டை எலிகள் மூக்கைத் தூக்கி, மூச்சு இழுத்து, இழுத்து.

புதுக் கட்டடத்தில் எறும்பு இல்லை. அதனால் நான் சூடம் வைக்கவில்லை.

"என்னங்க, காலைத் தூக்கி உள்ள வைங்க, நனையுது" என்று செல்வி சொன்னது எங்கிருந்தோ கேட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்தால் தண்ணீருக்கடியில் நடந்தது போல இருக்கிறது. கஸ்தூரி அப்போது கைக்குழந்தை. ஓய்வூதியத்துக்கு இன்னும் பல ஆண்டு இருந்தது. சொன்னால் வேலை போகலாம். அதுகூடப் பரவாயில்லை. உலகம் முழுக்க அந்தக் கட்டுரையை நம்பி எழுதியிருக்கிறார்கள், டாக்டரின் பெயரே அதன் மேல்தான் நிற்கிறது. சொல்லாவிட்டால் ஐனி கெட்டிக்காரி இல்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான், வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் மாறி மாறி யோசித்தேன். ஞாயிறு மத்தியானம் அக்கா வந்தார். செல்வி கொடுத்த தேநீரை வாங்கும்போது கோப்பை தட்டில் கடகடவென்று ஆடி, பாதி அவர் சேலையில் கொட்டியது. "இப்பல்லாம் இப்படித்தான் ஆடுது" என்று சிரித்துக்கொண்டே கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மருந்தால்தானா என்று என்னால் சொல்லமுடியாது. பிற்பாடு கேட்டபோது டாக்டரும் சொல்லவில்லை. வேறு பல காரணமும் இருக்கலாம் என்றார். ஆனால் கையுறையைக் கழற்றச் சொன்னவன் நான்.

திங்கள் காலை டாக்டர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். எறும்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றினார். மூடவில்லை. எழுத ஆரம்பித்தார்.

எத்தனை கட்டி, எந்தக் காலடியில், வாரத்துக்கு எத்தனை தடவை, எந்த மாதத்திலிருந்து, என்ன அளவுக் கட்டி, எந்தக் கடையில் வாங்கியது, கூண்டுக்கும் மூடிக்கும் எத்தனை அங்குலம். ஒரு மணி நேரம் கேட்டார். ஒரு தடவைகூட ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்றே எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"எனக்கும் அந்த வாடை வந்தது, முனியாண்டி" என்றார். "காலமை சாமி கும்பிட்டிட்டு வாறீங்கள் எண்டு நினைச்சன். எண்ணெயைக் கழுவச் சொன்ன எனக்கு, அதைக் கழுவுங்கோ எண்டு சொல்ல வாய் வரேல்லை."

அந்த வாடையை வாடை என்று எண்ணாத இரண்டு பேர் எதிரெதிரே இருந்தோம். வேற்று வீட்டில் பிறந்த ஒருவர் அந்த அறைக்குள் வந்திருந்தால் முதல் நாளே இது என்ன என்று கேட்டிருப்பார்.

நான் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். மூன்று கூட்டத்தையும் மூன்று தட்டில் தனித்தனியாக வைத்தது தன் தவறு, எல்லாத் தட்டிலும் எல்லாக் கூட்டத்தையும் கலந்து வைத்திருந்தால் என் சூடம் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பட்டிருக்கும், முடிவு கோணியிருக்காது என்று விளக்கினார். பிறகு ஐனியைக் கூப்பிட்டு, உங்கள் எலிகள் சரியாகத்தான் விழுந்திருக்கின்றன என்றார். ஐனி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நம்பினால் மட்டும் போதாது, சோதிக்கவேண்டும் என்பது டாக்டரின் வழி. ஏழு மாதம் செய்தோம். மஞ்சள் அட்டை எலிகளை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியை வேறு அறையில் வைத்து, அங்கே மட்டும் சூடம். இந்தத் தடவை கட்டியை எடை போட்டு, எண்ணி, நோட்டில் எழுதி வைத்தேன். சாமிக்கு வைக்கும்போதுகூட அவ்வளவு கவனமாக வைத்ததில்லை. எந்த எலி எந்த அறை எலி என்று உருளையில் ஏற்றுகிற ஐனிக்குத் தெரியாது. தெரிந்தால் மனசு கையை இழுத்துவிடும் என்பார் டாக்டர். அந்த மாதங்களில் உருளை சுழல்கிற மெல்லிய சத்தம் எனக்கு வீட்டில் மின்விசிறியிலும் கேட்டது, பேருந்துச் சக்கரத்திலும் கேட்டது.

சூடம் வைத்த அறை எலிகள் நடந்தன. வைக்காத அறை எலிகள் விழுந்தன.

சூடத்தின் ஆவி எலியின் ஈரலைத் தட்டி எழுப்பிவிடுகிறது, எழுந்த ஈரல் மருந்தையும் சேர்த்துச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளிவிடுகிறது, அதனால்தான் அந்த எலிகளின் நரம்பு தப்பியது என்பது டாக்டர் கண்ட விளக்கம். உடனே வீட்டில் சூடத்தை மோந்துகொண்டு உட்காராதீர்கள் பிள்ளைகளே. அதிகமானால் சூடமே நரம்புக்கு நஞ்சு, வாயில் போட்டால் ஆபத்து என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

டாக்டர் அந்த ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி, புகழ் பெற்ற தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கூடத்தில் சிலர், எதற்கு இவ்வளவு, ஒரு சின்னக் குறிப்பு போட்டால் போதுமே என்றார்கள். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டியிருந்த பெரிய பதவி வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கடிதத்தில் தவறு செய்தவன் என்று என் பெயரைப் போடுங்கள் என்று நான் கேட்டேன்.

"பிழை என்ர பெயரில இருக்கட்டும்" என்றார். "கண்டுபிடிச்சது உங்கட பெயரில இருக்கட்டும்."

ஐனியும் அவரும் எழுதிய புதுக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. எறும்பையும் சூடத்தையும் நினைவுபடுத்திச் சொன்னதற்காக முனியாண்டிக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. செல்வி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அன்று சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, "அலமாக், அட கடவுளே, எலிக்கெல்லாம் சூடம் காட்டுனியாடா நீ" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்.

"அப்ப சூடம் இல்லாத எலி விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

"ம்" என்றார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அத எல்லாருக்கும் சொல்லு."

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. திரும்பப் பெற்ற பிறகும் அந்தப் பழைய கட்டுரையின் எண் ஏறிக்கொண்டே இருந்தது. திரும்பப் பெற்ற செய்தியைப் பார்க்காதவர்கள், ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார்கள். சின்ன அளவால் கெடுதல் இல்லை, சின்ன அளவால் கெடுதல் இல்லை என்று எங்கெங்கோ ஊர்களில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். புதுக் கட்டுரையின் எண் அசையவே இல்லை. ஏறுகிற எண்ணைப் பார்த்து மற்ற விஞ்ஞானிகள் சந்தோஷப்படுவார்கள். டாக்டர் ஒவ்வொரு மாதமும் அதைப் பார்த்து ஒரு கடிதம் எழுதினார். யார் புதிதாக மேற்கோள் காட்டினாரோ அவருக்கு. ஐயா, நீங்கள் காட்டியிருக்கிற என் கட்டுரை தவறானது, இதோ சரியானது, படித்துப் பாருங்கள் என்று. ஒருவர் விடாமல் எழுதினார். சிலர் பதில் போட்டார்கள், பலர் போடவில்லை.

டாக்டர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. அதனால் மூன்று ஆண்டாக, மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் கஸ்தூரியும் நானும் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம். பழைய கட்டுரையின் பக்கத்தில் புதிய பெயர்கள் இருந்தால் கஸ்தூரி வாசிப்பாள், நான் எழுதிக்கொண்டு டாக்டருக்குத் தொலைபேசியில் சொல்வேன். அவர் தம்பி மகனை வைத்துக் கடிதம் எழுதுவார். இது என் வேலையில் சேராது. ஆனாலும் கூண்டு கழுவுவது போல, விட்டால் நாறும் என்று தோன்றுகிறது.

இன்று முதல் சனிக்கிழமை. காலையில் மழை விட்டு, எங்கள் வீடமைப்புத் தாமான் முழுக்க வெள்ளையாகப் புகை மாதிரி ஈரம் நின்றது. கஸ்தூரி பக்கத்தைத் திறந்தாள். பார்த்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

"அப்பா, பழசு நகரல."

போன மாதம் நோட்டில் எழுதிய எண்ணோடு ஒத்துப் பார்த்தேன். அதே எண்.

"புதுசுல ஒண்ணு ஏறியிருக்குப்பா" என்றாள். எங்கோ வெகுதூரத்து நாட்டில், வாழைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற பெண்களின் கைகளைப் பற்றிய கட்டுரையாம் அது. தலைப்பை ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எந்த நாடு, எந்தப் பயிர் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு அவர் குரல், எப்போதும் போலத் துடைத்து வைத்த மாதிரி வந்தது. "அப்ப இந்த மாசம் கடிதம் இல்லை. போய்த் தேத்தண்ணி குடியுங்கோ, முனியாண்டி."

இதை எழுதி முடித்ததும் நாங்கள் செடெனாக் போகிறோம், அக்காவிடம் சொல்ல. செல்வி பலகாரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அக்கா வீட்டில் இப்போதெல்லாம் கஸ்தூரிதான் தேநீர் ஊற்றுவாள். அத்தைக்குக் கோப்பையில் பாதிதான் ஊற்றவேண்டும். அது அவளுக்குத் தெரியும்.